பழைய டிராக்டருக்கு ஆயில் சீல் மாற்றுவோர் கவனத்திற்கு

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டரை இன்னும் வயலில் இறக்கும் விவசாயிகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பின்சக்கர ஆயில் சீல் (அச்சைச் சுற்றி எண்ணெய் கசியாமலும் சேறு புகாமலும் தடுக்கும் வளையம்) மாற்றுவதற்காக வண்டியைப் பட்டறையில் விடும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

எங்கள் வண்டியில் வலப்புறப் பின்சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் வழிந்தது. அந்தப் பக்கத்துப் பிரேக்கும் பிடிக்கவில்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன் வேலையை முடித்துவிட எண்ணி, பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் விட்டோம். இரு புறமும் உட்சீல், வெளிச்சீல், பிரேக் லைனிங் (சக்கர டிரம்மின் உட்புறம் உரசிப் பிரேக் பிடிக்கும் பட்டை), கியர் ஆயில் அனைத்தும் புதிதாகப் போட்டதாகச் சொல்லி முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டபோது மொத்தத்தை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

குறுவைக்குக் கேஜ் வீல் (சேற்றில் புதையாமலிருக்க மாட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு தொடங்கிய சில நாள்களிலேயே எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோலில் வந்த எண்ணெய் நீர் கலந்து மோர் போல வெளுத்திருந்தது. வேறொரு மூத்த மெக்கானிக் என் கண்ணெதிரே பிரித்துக் காட்டினார். இடப்பக்கத்தை யாரும் தொடவே இல்லை. போல்ட்டுகளின் மேல் சென்ற ஆண்டுச் சேறு காய்ந்தபடியே இருந்தது. வலப்பக்கத்தில் வெளிச்சீல் மட்டும் புதிது. அதையும் உளியால் அடித்து இறக்கியதால் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. லிப்பை, அதாவது அச்சில் உரசும் சீலின் உள்விளிம்பை, சுற்றி இருக்க வேண்டிய ஸ்பிரிங் காணவில்லை. இடைவெளியைப் பேஸ்ட் தடவி மறைத்திருந்தார்கள். உட்சீல் பழையதே. பிரேக் லைனிங் எண்ணெயில் ஊறிய பழைய லைனிங். பெட்ரோலில் கழுவித் துடைத்து மாட்டியிருந்தார்கள். உள்ளே ஊறிய எண்ணெய் கழுவினால் போகாது, டிரம் சூடேறும்போது மீண்டும் வெளியே கசியும்.

பணம் போனதைவிட இதில் இருந்த அபாயமே என்னை அதிகம் வருத்துகிறது. இந்த வண்டியில் கியர், டிஃபரென்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பகுதி), ஹைட்ராலிக் (கலப்பையைத் தூக்கி இறக்கும் அமைப்பு) மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். வெளிச்சீலைக் கடந்த சேற்றுநீர் பேரிங்கை நனைத்து, தேய்ந்த உட்சீலையும் தாண்டினால், எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும் ஹைட்ராலிக் பம்பு வரை கெடுக்கும். அதோடு, ஒரு சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்கும் டிராக்டரை வாய்க்கால் கரையில் ஓட்டினால் அது ஒரு பக்கமாக இழுத்துக் கவிழ்ந்துவிடக்கூடும். என் தம்பி மகன்தான் அன்றாடம் அந்தக் கரையில் அதை ஓட்டிச் செல்கிறான்.

ஆகவே சீல் மாற்றும்போது கூடவே நில்லுங்கள். கழற்றிய பழைய சீல்கள் அனைத்தையும் கையில் வாங்கி, அவற்றில் பொறித்திருக்கும் அளவுகளைப் புதியவற்றோடு ஒப்பிடுங்கள்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என மில்லிமீட்டரில் மூன்று எண்கள் இருக்கும். ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்க வேண்டும்; லிப்பில் சிறிது கிரீஸ் தடவி, சீலின் விளிம்பளவு அகலமான குழாய்த் துண்டை வைத்துச் சீராகத் தட்டி இறக்க வேண்டும். சீல் உரசும் இடத்தில் ஷாஃப்டை (சக்கர அச்சை) நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், எத்தனை நல்ல சீல் போட்டாலும் கசியும். அதற்கு ஸ்லீவ் (அச்சின் மேல் ஏற்றும் மெல்லிய உலோக உறை) போட வேண்டும் அல்லது லேத்தில் சரிசெய்ய வேண்டும். எங்கள் ஷாஃப்டில் அந்தப் பள்ளம் தெளிவாகவே இருந்தது, பட்டறைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரீதர் (உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியேற்றும் காற்றுத் துளை) அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் சூட்டில் உள்ளே ஏறும் அழுத்தம் புதுச் சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும்.

பட்டறைக்காரரிடம் கேட்கப் போனபோது, “பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும் அண்ணே” என்றார். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பிரித்த பாகங்களின் படங்களையும், மூத்த மெக்கானிக் எழுதிக் கொடுத்த விவரத்தையும், அந்தத் துண்டுத் தாளையும் வைத்துத் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளிக்கவிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய புகாரை 2 ஆண்டுகளுக்குள் அளிக்கலாம். இதே போல ஏமாந்தவர்கள் பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தி வையுங்கள்.