நான்கு ஆண்டுகள் ஆர்எக்ஸ்-8 உடன்: பழைய ரோட்டரி கார் வாங்கி ஆட்டோகிராஸ் ஓட்டிய அனுபவம்

வார இறுதிகளில் ஓட்டவும், மாதம் ஒருமுறை ஆட்டோகிராஸில் (கூம்புகள் வைத்து அமைத்த பாதையில் கார்கள் ஒவ்வொன்றாக நேரத்துக்கு எதிராக ஓடும் போட்டி) இறக்கவும் பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றை வாங்கி நான்கு ஆண்டுகள் நிறைவடைகின்றன. கூம்புகளுக்கு நடுவே ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடுவதுதான் இன்ஜினைத் தேய்க்கும் என்று வாங்குவதற்கு முன் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த ஒரு நிமிடத்தை இந்த இன்ஜின் விரும்பியே ஏற்கிறது. அதற்கு முன் வரிசையில் காத்திருக்கும் அரை மணி நேரம்தான் அதன் உடல்நிலையை வெளிப்படுத்துகிறது.

பழைய ரோட்டரி கார், அதாவது பிஸ்டன்களுக்குப் பதில் சுழலும் ரோட்டர்கள் கொண்ட இன்ஜின் உள்ள கார், தேடுவோர் பெரும்பாலும் மூன்று வண்டிகளுக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும். 1985-இல் வந்த எஃப்சி வகை ஆர்எக்ஸ்-7 எளிமையானது. ஆனால் இன்று அதன் ரப்பர் பாகங்களும் ஒயரிங்கும் இன்ஜினைவிட அதிகத் தொல்லை தரும் வயதில் இருக்கின்றன. 1991 முதல் 2002 வரை வந்த எஃப்டி வகை ஆர்எக்ஸ்-7 மூன்றிலும் அழகானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும் அதன் இரட்டை டர்போவையும் அவற்றைக் கட்டுப்படுத்தும் வேக்கம் குழாய்களின் சிக்கலையும் பார்த்தபோதும், சேகரிப்பாளர்கள் அதன் விலையை ஏற்றிவிட்டதைப் பார்த்தபோதும், கூம்பில் இடிப்பதற்கு அது ஏற்ற கார் அல்ல என்று தோன்றியது. எஞ்சியது 2003 முதல் 2012 வரை தயாரான ஆர்எக்ஸ்-8. டர்போ கிடையாது, தேவைப்பட்டால் நால்வர் உட்காரலாம். பின்கதவுகள் எதிர்ப்புறமாகத் திறப்பதால் போட்டிக்கான டயர்களைப் பின்னிருக்கையில் ஏற்றுவதும் எளிது.

விற்பவர்களில் சிலர், 1991-இல் மாஸ்டா 787பி லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றதிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள். நான்கு ரோட்டர் கொண்ட அந்தப் பந்தய இன்ஜினுக்கும், இருபது வயதை நெருங்கி விற்பனைக்கு நிற்கும் காருக்கும் உறவு மிகத் தூரத்து உறவு.

நான் முதலில் பார்த்த கார் பளபளப்பாக இருந்தது, 40,000 கி.மீ. மட்டுமே ஓடியிருந்தது. இருபது நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றிய பிறகே இன்ஜின் பிடித்தது. சூடான நிலையில் ஆயில் இளகிவிடுவதால், ரோட்டரின் விளிம்புகளில் அடைப்பாக இருக்கும் சீல்கள் தேய்ந்திருந்தால் அவற்றின் வழியே கசிவு கூடும். குளிர்ந்த காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் இன்ஜின்கூட இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். குறைவாக ஓடிய வண்டி என்றால் நல்ல வண்டி என்ற பொது விதி இங்கே செல்லாது. குறைந்த தூரம் என்பது பல நேரங்களில் இன்ஜின் சூடேறும் முன்பே நிறுத்தப்பட்ட சிறு பயணங்களின் கூட்டுத்தொகையாக இருக்கும்.

இன்ஜின் உள்ளே காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரோட்டர் முக்கோண வடிவிலானது. அதற்கு மூன்று முகங்கள். ஆகவே இரண்டு ரோட்டர்களுக்கும் சேர்த்து ஆறு அளவுகள் தேவை. பிஸ்டன் இன்ஜினுக்கான சாதாரண மீட்டர், மூன்றில் உயர்ந்த அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறைத்துவிடும். ரோட்டரிக்கென்றே செய்த கருவியில்தான் சோதிக்க வேண்டும். கிடைக்கும் அளவை, ஸ்டார்ட்டர் சுற்றும் வேகம் நிமிடத்துக்கு 250 சுற்று என்ற நிலைக்கு மாற்றிப் படிக்க வேண்டும். இந்த இன்ஜினுக்குக் குறைந்தபட்சம் 680 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். நல்ல இன்ஜின் 830-ஐ ஒட்டி நிற்கும். ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது, ஒன்று மட்டும் உயர்ந்திருப்பதைவிட மேலானது. முதல் காரின் ஒரு முகம் 680-க்குக் கீழே கிடந்தது. நான் வாங்கிய கார் 92,000 கி.மீ. ஓடியது, பெயின்ட் மங்கியது. ஆனால் ஆறு அளவுகளும் 760-க்கும் 790-க்கும் இடையில் இருந்தன. அதைவிட என்னைக் கவர்ந்தது, எப்போது எவ்வளவு ஆயில் ஊற்றினார் என்று முந்தைய உரிமையாளர் தேதியுடன் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகம். 2009-க்குப் பிந்தைய வடிவத்தில் ஒவ்வொரு ரோட்டருக்கும் ஆயில் செலுத்தும் இடங்கள் இரண்டிலிருந்து மூன்றாகக் கூடின. பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே நிலையில் கிடைத்தால் புதியதையே எடுக்கலாம். ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்துக்கு அது ஈடாகாது என்பதே என் கருத்து.

இனி அந்த வரிசைக்கு வருகிறேன். ஆட்டோகிராஸில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். காத்திருப்பவர்கள் பத்து மீட்டர் நகர்த்தி நிறுத்துவார்கள், மறுபடி ஸ்டார்ட் செய்து பத்து மீட்டர் நகர்த்துவார்கள். குளிர்ந்த ரோட்டரி இன்ஜினை ஸ்டார்ட் செய்து சில நொடிகளில் அணைத்தால், எரியாத பெட்ரோல் உள்ளே தேங்கிப் பிளக்குகளை நனைத்துவிடும். சீல்களின் மேலுள்ள ஆயில் படலத்தையும் கழுவிவிடும். இதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தும் என் முதல் போட்டியில் அதையே செய்தேன். கார் கிளம்பவில்லை. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் செல்வது நின்று உள்ளே இருப்பது வெளியேறும் என்பது நினைவுக்கு வருவதற்குள் என் முதல் சுற்று கைநழுவிவிட்டது. இப்போதெல்லாம் முழுமையாகச் சூடேறாமல் அணைப்பதில்லை. இரண்டு கார் தூரம்தான் என்றால் இறங்கித் தள்ளுகிறேன்.

சூடேறிய பின் எதிர்க்கவலை தொடங்கும். டாஷ்போர்டு வெப்ப முள் மிகப் பரந்த வரம்புக்கு நடுவிலேயே அசையாமல் நிற்பது. அது நகரும்போது காலம் கடந்திருக்கும். காரின் கணினியோடு இணையும் ஓபிடி கருவி வழியாக உண்மையான வெப்பத்தைக் கைபேசியில் பார்க்கிறேன். 100 டிகிரியைத் தாண்டினால் பானட்டைத் திறந்து வைக்கிறேன். வரிசையில் சிலர் சிரிப்பதும் உண்டு.

ஓட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. இன்ஜின் முன் அச்சுக்குப் பின்னால், தாழ்வாக அமைந்திருப்பதால் முன்பின் எடை ஏறக்குறைய சரிசமம். கூம்புகளின் வரிசையில் காரின் மூக்கு ஸ்டீயரிங்கைக் கேட்டவுடன் திரும்புகிறது. ஆறு கியர் வகையில் இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை செல்வதால், இரண்டாம் கியரே சுமார் 100 கி.மீ. வேகம் வரை போதுமானது. பெரும்பாலான பாதைகளில் கியர் மாற்ற வேண்டிய தேவையே எழுவதில்லை. குறை என்றால் டார்க்: 220 நியூட்டன் மீட்டரைக்கூட எட்டாத இழுவிசை, அதுவும் 5,500 சுற்றில்தான் உச்சம். கொண்டைஊசி வளைவில் 4,000-க்குக் கீழே விழுந்துவிட்டால் மீண்டு வர நேரமெடுக்கும். ஆகவே பிரேக்கை இன்னும் குறைவாக மிதித்து, வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பக் கற்றுக்கொண்டேன். டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது நீண்ட வளைவுகளில் பெட்ரோல் ஒதுங்கி இன்ஜின் தடுமாறும். எடை கூடினாலும் பாதிக்கு மேல் நிரப்பியே ஓட்டுகிறேன்.

பராமரிப்பில் மறக்கக் கூடாதது ஆயில். சீல்களுக்கு எண்ணெய்ப்பசை தர, இன்ஜின் தானே கொஞ்சம் ஆயிலை உள்ளே செலுத்தி எரிக்கிறது. அது பழுதல்ல, வடிவமைப்பு. இரண்டு முறை பெட்ரோல் போடுவதற்குள் ஒருமுறையாவது டிப்ஸ்டிக்கைப் பார்க்கிறேன். பெட்ரோல் லிட்டருக்கு 5 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயிலையும் கலக்கிறேன். பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் நான்கு இக்னிஷன் காயில்களையும் தேய்மானப் பொருளாகவே கருத வேண்டும். இரண்டாம் ஆண்டு, லேசான உதறலைப் பொருட்படுத்தாமல் இரண்டு மாதம் ஓட்டினேன். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதன் உட்புறத்தையே உருக்கிவிட்டது. காயில் மாற்றுவதற்கு ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு அந்தச் சோம்பலுக்குக் கொடுத்தேன்.

பெட்ரோல் செலவைப் பற்றி ஒரு வரி போதும்: 100 கி.மீ.க்கு 14 லிட்டர், போட்டி நாட்களில் கணக்குப் பார்ப்பதில்லை.

தினமும் மூன்று கி.மீ. சென்று திரும்பும் தேவைக்கு இந்தக் காரை வாங்க வேண்டாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவைத் தனியே எடுத்து வைக்காமல் வாங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சென்ற மாதம் என் காரின் ஆறு முகங்களையும் மீண்டும் அளந்தேன்; மிகக் குறைந்தது 720. சூடான நிலையில் ஸ்டார்ட்டர் முன்பைவிட ஒரு நொடி அதிகம் சுற்றுகிறது. இந்தப் பருவத்தில் இன்னும் மூன்று போட்டிகள் இருக்கின்றன. அவை முடிந்ததும் மறுபடி அளப்பேன், 700-க்குக் கீழே போயிருந்தால் புதிய டயர்களுக்கென்று வைத்திருந்த பணமும் இன்ஜினுக்கே போகும்.