எம்67ஆ, என்ஜிசி 6791ஆ?

பழைய திறந்த கொத்தொன்றின் (ஒன்றாகப் பிறந்து தளர்வாகச் சேர்ந்திருக்கும் விண்மீன் கூட்டம்) இரசாயனச் சேர்க்கையை வைத்து அது பிறந்த இடத்தைச் சொல்லலாமா? யாழ்ப்பாணத்து உயர்தர மாணவர் சிலரின் செயற்றிட்டத்துக்கு இதுதான் கேள்வி. எம்67, என்ஜிசி 6791 என்ற இரு கொத்துகளில் எம்67ஐத் தெரிவுசெய்தோம். என் சாய்வும் அதன் பக்கம்தான்.

பார்ப்பதில் போட்டியே இல்லை. எம்67 கடகத்தில், பூசத்துக்குத் தெற்கே. மார்ச் நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் உச்சிக்கு மேல் நிற்கும். என்ஜிசி 6791 யாழ் விண்மீன் குழுவில், ஏறத்தாழ 13,000 ஒளியாண்டுக்கு அப்பால், மிகவும் மங்கல். இன்னொரு கிழவரான என்ஜிசி 188 துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே பனைகளுக்கு மேலே வருவதே அரிது.

புதிர் என்று பார்த்தால் 6791தான் ருசி. வயது ஏறத்தாழ 800 கோடி ஆண்டு, இரும்போ சூரியனைவிட இரு மடங்குக்கும் மேல். உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடப் பாரமான எல்லாத் தனிமமும்) விண்மீன் தலைமுறைகளூடாகச் சேர்வது; இவ்வளவு பழையதில் இவ்வளவு உலோகமா? பால்வீதியின் உட்பகுதியில் பிறந்து வெளியே நகர்ந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

எனக்கு முடிவைத் தந்தது அளவுகோல். எம்67க்கு வயது ஏறத்தாழ 400 கோடி, உலோக அளவு கிட்டத்தட்ட சூரியனுடையது. ஆகவே அதிலுள்ள சூரியன் போன்ற விண்மீனின் நிறமாலைக் கோடுகளை (அதன் ஒளியில் ஒவ்வொரு தனிமமும் பதிக்கும் கோடுகள்) சூரியனின் அதே கோடுகளுடன் நேரே ஒப்பிடலாம். அணுத் தரவிலுள்ள பிழைகள் பெரும்பாலும் இரு பக்கமும் கழிந்துவிடும். 6791இல் உலோகக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்குவதால், கோடில்லாத அடிமட்டம் எங்கே என்று குறிப்பதே பாடு. அதன் நிறமாலைகளை நான் கையாண்டதில்லை. வாசித்ததை வைத்தே இதைச் சொல்கிறேன்.

எம்67இலும் பொறி உண்டு. முதன்மைத் தொடரை (மையத்தில் ஐதரசனை எரிக்கும் நீண்ட பருவம்) விட்டு விலகும் கட்டத்திலுள்ள விண்மீன்களின் மேற்பரப்பில், அதே கொத்தின் செம்பூதங்களைவிட (முதுமையில் ஊதிப் பெருத்த விண்மீன்கள்) இரும்பு குறைவு. பாரமான தனிமங்கள் மெல்ல உள்ளே அமிழ்கின்றன. விண்மீன் பூதமாகும்போது ஆழமான வெப்பச்சலனம் அவற்றை மீண்டும் கலக்கிவிடுகிறது. ஒரே வாயுவில் பிறந்தவைதான். எனவே பூதத்தைப் பூதத்தோடும் குறளை (இன்னும் பூதமாகாத விண்மீன்) குறளோடும் மட்டுமே ஒப்பிடச் சொன்னேன்.

சூரியன் எம்67இல் பிறந்ததா? சேர்க்கை ஒத்துப்போகிறது, வயதும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் இக்கொத்து பால்வீதித் தளத்திலிருந்து 1,000 ஒளியாண்டுக்கும் மேல் விலகிப் போகிறது. அங்கிருந்து சூரியனை இன்றைய பாதைக்கு எறியும் விசை சூரியனைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் வட்டையே சிதைத்திருக்கும் என்றது 2012இல் வந்த ஒரு கணிப்பு; 2020இல் இன்னொன்று, தப்பிய விண்மீன்கள் சூரியன் போன்ற பாதையை அடைய முடியும் என்றது. ஆக, சேர்க்கை ஒத்திருப்பது மட்டும் பிறப்பிடத்துக்குச் சாட்சியாகாது.

பல்கலைக்கழக மட்டம் என்றால் 6791ஐ எடுக்கலாம். கெப்லர் தொலைநோக்கி அதன் செம்பூதங்களின் அதிர்வுகளைப் பதிந்திருக்கிறது.