நேரில் சமம், வளைவில் 30 நொடி: பந்தய பைக்கும் பந்தயக் காரும்

பந்தயத்தில் பைக் வேகமா, கார் வேகமா என்று வேலூர் இளைஞர்களிடம் கேட்டால், பெரும்பாலும் பைக் என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்களுடைய பின் டயரே சொல்லிவிடும். சத்துவாச்சாரிப் பக்கம் பஞ்சர் கடைகளில் கழற்றிப் போட்டிருக்கும் டயர்களைப் பாருங்கள். நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகியிருக்கும். இரண்டு ஓரங்களிலும் புது டயருக்கு உரிய ரப்பர் முடிகள்கூட உதிராமல் நிற்கும். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் நிமிர்ந்தபடியே ஓடித் தேய்ந்த டயர்கள் அவை. சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்துக் காரை விட்டுவிட்டுப் பறந்த அனுபவம் யாருக்குத்தான் இல்லை?

நேர்ச்சாலையை மட்டும் கணக்கில் எடுத்தால் அவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. 2023ஆம் ஆண்டு இத்தாலியின் முஜெல்லோவில் மோட்டோஜிபியில், அதாவது பைக்குகளுக்கான உச்சநிலை உலகப் பந்தயத்தில், பிராட் பைண்டர் ஓட்டிய கேடிஎம் பைக் மணிக்கு 366.1 கிலோமீட்டரைத் தொட்டது. ஃபார்முலா 1 பந்தயத்தில், 2016ஆம் ஆண்டு மெக்சிகோவில் வால்ட்டேரி போட்டாஸ் எட்டியது 372.5. இடைவெளி வெறும் 6 கிலோமீட்டர்தான். இதில் வியப்பில்லை. மோட்டோஜிபி பைக்கின் குறைந்தபட்ச எடை 157 கிலோ. உடையும் தலைக்கவசமும் அணிந்த வீரரைச் சேர்த்தால் 240 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இழுப்பதற்கு ஏறக்குறைய 300 குதிரைத்திறன் இருக்கிறது. காரில் ஓட்டுநரையும் சேர்த்து 800 கிலோவை ஒட்டிய எடை, சுமார் 1,000 குதிரைத்திறன். வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் கிலோவுக்கு ஒன்றேகால் குதிரைத்திறன்தான் வருகிறது.

ஆனால் சுற்று நேரத்தைப் பார்த்ததும் கதை மாறிவிடுகிறது. அமெரிக்காவின் ஆஸ்டின் தடத்தில் இரண்டு பந்தயங்களுமே நடக்கின்றன. 2019ஆம் ஆண்டு தகுதிச் சுற்றில், அதாவது பந்தயத்தில் யார் முன்னால் நிற்பது என்று முடிவு செய்யும் சுற்றில், போட்டாஸின் கார் எடுத்துக்கொண்டது 1 நிமிடம் 32.029 நொடி. 2024ஆம் ஆண்டு மேவரிக் வின்யாலெஸின் பைக்குக்கு 2 நிமிடம் 0.864 நொடி தேவைப்பட்டது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் இடைவெளி இன்னும் பெரிது: 2020ஆம் ஆண்டு ஹாமில்டனின் காருக்கு 1:24.303, 2024ஆம் ஆண்டு அலெய்ஷ் எஸ்பார்காரோவின் பைக்குக்கு 1:57.309. நம் நாட்டுக் கணக்கு வேண்டும் என்றால் கிரேட்டர் நொய்டாவின் புத் பந்தயத் தடம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு வெட்டலின் ஃபார்முலா 1 கார் அங்கே 1:24.178 நேரத்தில் சுற்றியது. 2023ஆம் ஆண்டு மோட்டோஜிபி வந்தபோது, பைக்குகளுக்காகத் தடத்தைச் சற்று மாற்றிச் சுருக்கியும்கூட, தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த பெட்செக்கிக்கு 1:43.947 ஆயிற்று.

உச்ச வேகம் கிட்டத்தட்ட ஒன்று என்றால், இத்தனை நொடிகள் எங்கே போகின்றன? முதலில் பிரேக்கில். பைக்கின் முன் பிரேக்கை முழு வலுவோடு அழுத்தினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதற்கு மேலும் அழுத்தினால் வீரர் தலைகீழாகப் போக வேண்டியதுதான். உயரமாக உட்கார்ந்த ஆள், குட்டையான வண்டி; டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த வரம்பை மாற்ற முடியாது. காருக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பைக் வீரர் வளைவுக்கு 250 மீட்டர் முன்பே பிரேக்கைத் தொட்டுவிடுவார். ஃபார்முலா 1 ஓட்டுநர் 100 மீட்டர் பலகை வரும்வரை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க மாட்டார்.

இரண்டாவது, காற்று. காரின் இறக்கைகளும் அடித்தளமும் ஓடும் காற்றைக் கொண்டே வண்டியைத் தரையோடு அழுத்துகின்றன. வேகம் இரட்டித்தால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகிவிடும். மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டுவதற்குள்ளாகவே காரின் மேல் இன்னொரு காரை ஏற்றி வைத்தது போன்ற பிடிப்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் வண்டியின் எடை ஏறாது. அகலமான நான்கு டயர்களும் அந்தப் பிடிப்பைத் தரைக்குக் கொண்டுசேர்க்கின்றன. பைக்கிலும் இப்போது சிறு இறக்கைகள் பொருத்துகிறார்கள். ஆனால் அவை முன்சக்கரம் தூக்காமல் இருக்கத்தான் பெரிதும் உதவுகின்றன. வண்டி 60 பாகை சாய்ந்து, முழங்கை தரையை உரசும் நிலையில் அந்த இறக்கை எந்தப் பக்கம் அழுத்தும்? பக்கவாட்டில்தான். அப்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. 60 பாகைச் சாய்வில் வளைவு தரும் விசை ஈர்ப்பு விசையைப் போல் 1.7 மடங்கு. கார் அதிவேக வளைவுகளில் 5 மடங்கைத் தொடுகிறது. சில்வர்ஸ்டோனின் காப்ஸ் வளைவில் தகுதிச் சுற்றுக் கார் காலை எடுக்காமலேயே போகும். பைக் பிரேக் பிடித்தாக வேண்டும்.

வளைவை விட்டு வெளியே வரும்போதும் பைக்குக்குத் தொல்லைதான். ஆக்சிலேட்டரைத் திருகினால் முன்சக்கரம் எழும்புவதால், இருக்கும் 300 குதிரைத்திறனை முழுவதுமாகச் செலவழிக்க முடிவதில்லை.

இப்படியெல்லாம் சொன்னாலும், "கார்" என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. மேலே பேசியது உலகத்தின் உச்சாணிக் கொம்பில் இருக்கும் ஒரே ஒரு கார் வகை. கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றியமைத்த, கூரை போட்ட ஜிடி3 கார்கள் அதே ஆஸ்டினில் மோட்டோஜிபி பைக்குக்குச் சில நொடிகள் பின்னால்தான் வருகின்றன. காற்றழுத்தம் குறையக் குறைய பைக்கின் கை ஓங்குகிறது. கடையில் பணம் கொடுத்து வாங்கும் வண்டிகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: ஓர் ஆயிரம் சிசி பைக்கின் முடுக்கத்துக்கு ஈடுகொடுக்கும் கார் வேண்டுமென்றால், பைக்கின் விலையைப் போல் பல மடங்கு எண்ணி வைக்க வேண்டும். கொடுக்கும் ரூபாய்க்கு எது வேகம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் பைக் என்பேன்.

ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளை வைத்து, அங்கே பைக்தான் வேகம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த வேகத்தில் ஃபார்முலா 1 காரின் இறக்கை வெறும் அலங்காரம்தான். ஆனாலும் எதிரே பஸ் இறங்கி வரும் பாதையை வேகப் போட்டிக்குச் சாட்சியாக அழைப்பது வீண் வேலை.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க ஆஸ்டினுக்குப் போக வேண்டாம். வேலூரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் வாலாஜா, காவேரிப்பாக்கம் தாண்டிப் போனால் ஸ்ரீபெரும்புதூரை அடுத்து இருங்காட்டுக்கோட்டை. 1990இல் திறந்த 3.7 கிலோமீட்டர் தடம் அங்கே இருக்கிறது. பைக் பந்தயமும் நடக்கும், கார் பந்தயமும் நடக்கும். நேர்ப்பாதை முடியும் இடத்தைப் பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள். பைக் வீரர் டேங்கின் மேல் படுத்திருந்த உடம்பைச் சட்டென்று நிமிர்த்தி, நெஞ்சையே காற்றுக்குத் தடையாகக் கொடுப்பார். உள்பக்கக் கால் பெடலை விட்டுத் தொங்கும். பின்சக்கரம் இடமும் வலமும் நெளியும். அடுத்து வரும் ஃபார்முலா கார் அந்த இடத்தைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் பிரேக் பிடிக்கும், பெரிய ஆட்டம் எதுவும் இல்லாமல். கடிகாரம் காரின் பக்கம்தான். ஆனால் டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பது நான் என்றால், பைக் பந்தயம் நடக்கும் நாளில்தான் போவேன்.