பாட்டு மட்டுமா, பின்னணியோடா?

புறநானூற்றின் 112-ஆம் பாட்டு ஐந்தே அடி. அன்றைய நிலவில் அப்பா இருந்தார், குன்றும் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை. யார் பாடியது என்று தெரியாமல் படித்தாலும் தொண்டை அடைக்கும். பாட்டில் ஒரு பெயர்கூட இல்லை, அதனால் அது யாருடைய இழப்பாகவும் ஆகிவிடுகிறது.

சரி, பின்னணியோடு படித்தால்? பாடியவர்கள் வள்ளல் பாரியின் மகள்கள். குன்று, அவன் ஆண்ட பறம்பு மலை. முற்றுகையிட்டவர்கள் மூவேந்தர். முந்நூறு ஊர்களையும் பரிசு நாடி வந்த பரிசிலர்க்கே கொடுத்துவிட்டவன் பாரி என்கிறது 110-ஆம் பாட்டு. அப்புறம் 112-இல் வரும் 'வென்றெறி முரசின் வேந்தர்' (வென்று முரசறையும் அரசர்) என்ற சொல்லுக்குத் திரும்பி வாருங்கள். மூவர் சேர்ந்தும் போரில் வெல்ல முடியாமல் பாரியை வஞ்சித்துக் கொன்றதால், இது இகழ்ச்சி என்கிறது பழைய உரை. வெறும் அடைமொழியாகக் கடந்துபோன சொல் சுடுகிறது.

முதல் வாசிப்பு தனியாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கோபம் வரலாறு தெரிந்தவருக்குத்தான் கேட்கும். நான் இரண்டாவதன் பக்கம்.