பார்சலில் வந்த டிஸ்கஸ்: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னை விற்பனையாளர் ஒருவரிடம் டிஸ்கஸ் என்ற தட்டு வடிவ அலங்கார மீன் ஆறு வாங்கினோம். ஒன்று 2,500 ரூபாய், மொத்தம் 15,000. முழுப் பணமும் முன்கூட்டியே போனது. "நாலு அங்குலம், அஞ்சு மாசக் குட்டி, ப்ளூ டர்க்காய்ஸ்" (நீல நிற வகை) என்று சொல்லி வீடியோ அனுப்பினார். காரைக்குடிக்கு வந்த மீனுக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் இல்லை. இதே வலையில் இன்னொருவர் விழக்கூடாது என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறோம்.

முதலில் அளவு. நாலு அங்குலம் என்றால் மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரையா, வால் நுனி வரையா என்று கேட்டே ஆக வேண்டும். இவர் வாலையும் சேர்த்திருந்தார். வால் இல்லாமல் அளந்தால் மூன்றுகூட வரவில்லை. வயதிலும் பொய். டிஸ்கஸின் வயதைக் கண் காட்டிக்கொடுத்துவிடும். சாப்பாடும் தண்ணீர் மாற்றமும் குறைந்து குட்டி குன்றிப்போனால் உடம்பு நின்றுவிடும். கண் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். நன்றாக வளர்ந்த மீன் தட்டுப்போல வட்டமாக, அதில் கண் சின்னப் பொட்டாகத் தெரியும். இவற்றில் கண் முகத்தையே அடைத்துக்கொண்டு நின்றது; உடம்பு வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் நீண்டிருந்தது. இது குட்டி இல்லை, குன்றிய பழைய மீன். இனி என்ன தீனி போட்டாலும் அந்த வடிவம் திரும்பாது.

அடுத்தது நிறம். டர்க்காய்ஸ் வகை இரண்டு, இரண்டரை அங்குலத்தில் பெரும்பாலும் மங்கலான பழுப்பாகத்தான் இருக்கும். நீலம் வளர வளர ஏறும். அந்த அளவிலேயே உடம்பு முழுக்க நீலம் மின்னினால், தீனியில் ஆண் ஹார்மோன் கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். நிறுத்திய சில வாரங்களில் நிறம் இறங்கிவிடும். இனப்பெருக்கத்துக்கும் அந்த மீனை நம்ப முடியாது. (பிஜியன் ப்ளட் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதில் சிறிய வயதிலேயே நிறம் தெரியும்.) வீடியோ ஊதாவும் சிவப்பும் கலந்த விளக்கில் எடுத்தது. வெள்ளை விளக்கில், கண்ணாடியில் ஸ்கேல் ஒட்டி, உங்கள் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி வைத்து, மீன் சாப்பிடுவதை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். எங்களுக்கு வந்த வீடியோவில் ஒரு மீனின் முதுகுத் துடுப்பில் வெட்டுப்பட்டதுபோல் ஒரு பிளவு தெளிவாகத் தெரிந்தது. வந்த ஆறில் எதற்கும் அது இல்லை. காட்டியது வேறு, அனுப்பியது வேறு.

இனி, உயிரோடு வந்து சேரும் என்ற உத்தரவாதம். "பிரித்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள செத்தா பணம் வாபஸ்" என்றார். கேட்க நன்றாக இருக்கும். நோய்வாய்ப்பட்ட டிஸ்கஸ் ரெண்டு மணி நேரத்தில் சாகாது, மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடக்கும். ஏழு நாள் உத்தரவாதம் எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள்.

அதைவிட மோசம், அவர் சொன்ன முறை: "பையைத் திறந்து ரெண்டு மணி நேரம் சொட்டுச்சொட்டா உங்க தண்ணிய விடுங்க." ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த பைக்கு இதைச் செய்யவே கூடாது. மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு பி.எச்.சை (தண்ணீரின் அமில-கார அளவை) கீழே இறக்கி வைத்திருக்கும். கழிவிலிருந்து வந்த அமோனியா அதனால் பெரிய கெடுதல் செய்யாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதே அமோனியா விஷமாகும். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் விஷ வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 8 என்றால் ஏழு சதவீதத்துக்கு மேல். பி.எச். கூடிய நம் போர் தண்ணீரைச் சொட்டவிட்டால் மீனை அதே விஷத்தில் ஊறப்போடுகிறோம். மூடிய பையை 20 நிமிடம் டேங்கில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் திறந்து, உடனே மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் டேங்கில் விழ வேண்டாம். அதற்கு விற்பனையாளருடைய தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), பி.எச். இரண்டையும் முன்னாலேயே கேட்டு உங்கள் டேங்கை அதற்கு ஒட்டி வைத்திருக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் டி.டி.எஸ். 1,100, மூன்று பங்கு ஆர்.ஓ., ஒரு பங்கு போர் கலந்தால் 300 வாக்கில் நிற்கிறது. முற்றமுள்ள வளவு வீட்டில் மழைத்தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு ஆர்.ஓ.வே தேவைப்படாது; முதல் மழையைத் தள்ளிவிட்டுப் பிடித்து, கொஞ்சம் போர் தண்ணீர் கலந்தால் போதும். மழைத்தண்ணீர் மட்டும் என்றால் பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மை இல்லாமல் பி.எச். திடீரென்று சரியும்.

மீனோடு "பி.எச். டவுன்" என்று 450 ரூபாய்க்கு ஒரு புட்டியும் தலையில் கட்டினார். காரத்தன்மை அதிகமான நம் தண்ணீரில் அதை ஊற்றினால் பி.எச். இறங்கி, மறுநாள் பழைய இடத்துக்கே ஏறிவிடும். டிஸ்கஸுக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் ஆகாது; 7.5-இல் நிலையாக இருந்தாலே வளர்ப்பு மீன் நன்றாக இருக்கும்.

இரண்டாம் நாளே எச்சம் வெள்ளை நூலாக, கஞ்சி போலத் தொங்கியது. நான்கு மீன் கறுத்து மூலையில் ஒதுங்கின. ஒன்று ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறு பக்கத்தால் மட்டும் மூச்சு விட்டது. வெள்ளை நூல் பெரும்பாலும் குடல் ஒட்டுண்ணியின் அறிகுறி, ஒற்றைச் செவுள் மூச்சு செவுள்புழுவின் அறிகுறி. முன்னதற்கு 40 லிட்டருக்கு மெட்ரோனிடசோல் 400 மி.கி. மாத்திரை ஒன்று வீதம் பொடித்துப் போட்டு, தினம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றிய பிறகு மறுபடி மருந்து, ஐந்து நாள். சூட்டை 32-க்கு ஏற்றினோம். சூடு ஏறினால் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப்பைக் கூட்ட மறக்காதீர்கள். செவுள்புழுவுக்குப் பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2 மி.கி. ஆனாலும் நான்கு மீன் போய்விட்டன.

மற்ற டேங்குகள் தப்பியதற்குக் காரணம் தனி டேங்க். மணல் போடாத 100 லிட்டர், பழைய டேங்கில் ஊறிய ஸ்பான்ஞ் ஃபில்டர், 100 வாட் ஹீட்டர், தனி வலை, தனி டியூப். ஆறு வாரம் அங்கேதான். அதன் பிறகும் பெரிய டேங்கிலிருந்து ஒரே ஒரு மீனை அங்கே விட்டு இரண்டு வாரம் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். இந்த இடம் இல்லாதவர் டிஸ்கஸ் வாங்க இன்னும் நாள் வரவில்லை என்றே சொல்வோம்.

விற்பனையாளர் முதலில் "உங்க தண்ணி சரியில்ல" என்றார், பிறகு எங்கள் எண்ணையே தடுத்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். கடை சென்னையில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, எங்களுக்குச் சிவகங்கையிலேயே, வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது; வாங்கியதன் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸப் பேச்சு, பையைப் பிரிக்கும்போது நிறுத்தாமல் எடுத்த வீடியோ மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றோடு மிச்சமிருக்கும் இரண்டு மீனின் படங்களையும் வைக்கிறோம்: வந்த அன்று பளிச்சென்று நீலம், 45-ஆம் நாள் வெறும் பழுப்பு.