விரலுக்கு முந்திய கால் நொடி

மீன்கொத்தி கிளையை விட்டுப் பாயும் கணத்தைப் பிடிக்க எத்தனையோ காலை வேளைகளைச் செலவிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் லேசாக ஆடும் வெறுங்கிளைதான் இருக்கும். கையில் வேகம் போதவில்லை என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். கண் பார்த்ததை மூளை வாங்கி விரல் அசைவதற்கு எப்படியும் 200 மில்லி நொடிக்கு மேல் ஆகும். பயிற்சியால் அதைச் சற்றுக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் பறவை அதற்குள் ஒரு மீட்டர் கடந்துவிடும். என் 300 மி.மீ. லென்ஸில் 10 மீட்டர் தொலைவில் தெரியும் இடத்தின் அகலமோ 60 செ.மீ.கூட இல்லை.

ஒலிம்பஸின் கேமராத் தொழிலைத் தொடர்ந்து நடத்தும் ஓஎம் சிஸ்டம் 2022இல் வெளியிட்ட ஓஎம்-1 கேமராவை நான் வாங்கியது இந்த ஒரு கணக்குக்காகத்தான். அதிலுள்ள 'புரோ கேப்ச்சர்' வசதியைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். வீடியோ, மெனு, வண்ணம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்திருக்கும்போதே கேமரா படம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் எதையும் கார்டில் எழுதாது. புதிய படம் வரவர, பழையதை உதறிவிடும். பறவை கிளம்பியதைக் கண்டு நாம் முழுதாக அழுத்தியதும், அதற்கு முன் எடுத்தவற்றையும் சேர்த்துக் கார்டில் பதியும். 2016இல் ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் 2 கேமராவில் இப்படி முன்னதாக 14 படங்கள் கிடைத்தன. ஓஎம்-1இல் 70 வரை வைத்துக்கொள்ளலாம். மனித விரலை நம்பாமல் வேலை செய்யும் யோசனை பழையதுதான். 1878இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை 12 கேமராக்களால் படமெடுத்தபோது, குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரையே இழுத்து ஷட்டர்களை இயக்கியது.

நான் வைத்திருப்பது நொடிக்கு 50 படங்கள், முன்னதாக 25. அதாவது அழுத்துவதற்கு முந்தைய அரை நொடி. இந்த 50 படங்களிலும் ஃபோகஸ் பறவையைத் தொடர்ந்துகொண்டே வரும். சில குறிப்பிட்ட லென்ஸ்களில் மட்டுமே இந்த வேகம் கிடைக்கும் என்பதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகத்தை 1/2500 நொடிக்குக் கீழே விடுவதில்லை. அதனால் விடியற்காலை மங்கலில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். ஒளியைப் பதியும் சென்சார் சிறியது, வெளிச்சம் ஏறும் வரை காத்திருக்க வேண்டும்.

முதல் முறை கிடைத்த வரிசையை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஒன்பதாவது படம் வரை பறவை அசையவில்லை. பத்தாவதில் கழுத்து நீள்கிறது. பதின்மூன்றாவதில் உடல் முன்னே சரிந்துவிட்டது, இறக்கை இன்னும் முழுதாக விரியவில்லை, ஒரு கால் கிளையில், மற்றது காற்றில். பதினாறாவதில் கிளைக்கும் நகத்துக்கும் நடுவே நூலிழை இடைவெளி. இத்தனையும் நான் பட்டனை அழுத்துவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. அன்று அந்தத் திரையை விட்டு எழுந்திருக்க எனக்கு மனமே வரவில்லை.

நொடிக்கு 120 படங்கள் எடுக்கும் முறையும் உண்டு. அதில் ஃபோகஸ் முதல் படத்திலேயே பூட்டிக்கொள்ளும். நம்மை நோக்கி வரும் எதற்கும் அது உதவாது. முற்றிய காசித்தும்பைக் காயைக் குச்சியால் தொட்டு, அது வெடித்து விதை தெறிப்பதை எடுக்க அதைவிட நல்ல முறை வேறில்லை. காயின் தோல் சுருள்வது தனித்தனிப் படமாக வரும்.

வேலையும் கூடுகிறது. ஒரே காலையில் 1,900 படங்கள் சேர்ந்தன; தேறியவை 11. கார்டு வேகமானதாக இல்லாவிட்டால், பதிந்து முடியும் வரை அடுத்த பாய்ச்சலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பாதி அழுத்தத்தில் விரலை வைத்திருப்பதும் லேசல்ல, பத்து நிமிடத்தில் மரத்துப்போகும். பேட்டரியும் கரையும். ஆகவே எப்போது அழுத்தத் தொடங்குவது என்பதைப் பறவையிடமே கற்க வேண்டியிருக்கிறது. மீன்கொத்தி பாய்வதற்கு முன் தலையை மேலும் கீழும் ஆட்டித் தண்ணீரை அளக்கும், பிறகு இறகை உடலோடு ஒட்டிக்கொண்டு ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தைக் கண்டதும் விரலை வைக்கிறேன்.

பறவை, தும்பி, துள்ளும் மீன் என்று அலைபவர்கள் தயங்காமல் வாங்கலாம். முன்படங்களை 70 ஆக்கிவிடாமல் 25இலேயே தொடங்குங்கள்.