ஒருமுறை நட்ட கொடிகள்: ஏழு வருஷக் கணக்கு

நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய கோவைக் கொடி ஆண். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது.

2018 ஜூனில் ஊரப்பாக்கம் பக்கம் குடிவந்தோம். வீட்டின் பின்பக்கம் பத்தடி அகலத்துக்கு ஒரு துண்டு இடம். கட்டடம் கட்டி மிஞ்சிய ஜல்லியும் சிமென்ட் கட்டியும்தான் அதில் பாதி. கத்திரி, வெண்டை என்று போனால் சில மாதத்துக்கு ஒருமுறை பிடுங்கிப்போட்டு மறுபடி விதைக்க வேண்டும். காலை ஏழரை மணி மின்சார ரயிலைப் பிடிக்கிறவளுக்கு அது சரிவராது. அதனால் ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் நிற்கிற கொடிகளாகப் பார்த்து நட்டேன்: கோவை, பிரண்டை, தூதுவளை, வெற்றிலை, சிறகு அவரை, பேஷன் ஃப்ரூட், கொஞ்சம் பேராசையில் சௌசௌ. வேலை மிச்சம் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் பாதி தப்பு.

நர்சரியில் கொடுத்த கோவை நாற்று தளதளவென்று ஏறியது. வெள்ளை வெள்ளையாகப் பூத்தது, உதிர்ந்தது, மறுபடி பூத்தது. மாமியார் தினமும் காலையில் பார்த்துவிட்டு, "ஏம்மா, காய்க்காத கொடிக்கு எதுக்கு இத்தனை தண்ணி?" என்பார். நான் மண்ணில் சத்து இல்லை என்று நினைத்து வேப்பம் புண்ணாக்கு, மண்புழு உரம் எல்லாம் கொட்டினேன். திருப்போரூர் பக்கம் கோவைப் பந்தல் போட்டிருக்கும் ஒரு விவசாயிதான், நான் கொண்டுபோன பூவைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் பூவாக இருந்தால் இதழுக்குப் பின்னால் காம்பில் சின்னப் பிஞ்சு மாதிரி புடைத்திருக்கும். என் பூவில் வெறும் காம்புதான். விதையில் முளைத்தால் ஆணா பெண்ணா என்பது குலுக்கல் சீட்டு மாதிரி. அதனால் காய்க்கிற கொடியிலிருந்து குச்சி வெட்டித்தான் நடுவார்கள்.

அவரே பென்சில் கனத்தில் நாலு கணு உள்ள குச்சிகள் ஆறு கொடுத்தார். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே. நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன், நாலு பிழைத்தன. இரண்டை வைத்துக்கொண்டேன். இரண்டரை மாதத்தில் முதல் காய். இன்றைக்கும் பந்தலில் இருப்பவை அந்த இரண்டும்தான்.

முதல் சோதனை 2019 கோடை. புழலும் செம்பரம்பாக்கமும் வறண்ட வருஷம். எங்கள் போர் காற்றைத்தான் இறைத்தது. லாரித் தண்ணீரில் குளிக்கவே கணக்குப் பார்க்கும்போது கொடிக்கு எங்கே போவது? அரிசி களைந்த தண்ணீரும், சோப்பு போடாமல் அலசிய தண்ணீரும் மட்டும்தான் கிடைத்தன. வெற்றிலை பத்தே நாளில் கருகியது. தூதுவளை இலையெல்லாம் கொட்டி முள்ளும் தண்டுமாக நின்றது. கோவை மேலே காய்ந்து சுள்ளியாகிவிட்டது, செத்துப்போச்சு என்றே நினைத்தேன். ஆகஸ்டில் இரண்டு மழை பெய்ததும் மண்மட்டத்திலிருந்து விரல் கனத்தில் துளிர்விட்டது. அடியில் கிழங்கு மாதிரி தடித்த வேரில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்திருக்கிறது. பிரண்டைக்கு அந்தக் கோடை நடந்ததே தெரியாது.

கோவையில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம், அது புதுத் துளிரில்தான் காய்க்கும் என்பது. வெட்ட மனசு வராமல் இரண்டு வருஷம் விட்டேன். பந்தல் மேல் ஒரு மெத்தை மாதிரி பழைய கொடி சுருண்டுகொண்டது. உள்ளே மாவுப்பூச்சி, இலையில் சாம்பல் நோய், காய் மட்டும் ஓரத்தில் நாலு. இப்போது பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தரையிலிருந்து இரண்டரை அடி விட்டு மொத்தத்தையும் வெட்டிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் பதறுவார்கள். வெட்டின இடத்தில் பால் மாதிரி இல்லை, தெளிவான நீர் சொட்டும். தூரில் ஒரு கூடை மக்கிய எரு, இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு போட்டு, காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பிவிடுவேன். மார்ச்சில் பந்தல் மறுபடி பச்சை. சித்திரையிலிருந்து வாரம் இரண்டு தடவை, தடவைக்கு அரைக் கிலோவுக்குக் குறையாது.

பூச்சியில் கோவைக்குப் பெரிய எதிரி பழ ஈ. பிஞ்சில் குத்தி முட்டை வைக்கும். குத்தின இடத்தில் ஒரு சொட்டுப் பிசின், காய் ஒருபக்கமாகக் கோணிக்கொள்ளும், நறுக்கினால் புழு. பழ ஈப் பொறி என்று கடையில் கேட்டு வாங்கி மாட்டினேன். டப்பா நிறைய ஈ விழுந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் காயில் புழு குறையவே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது: நான் வாங்கியது மாம்பழ ஈக்கான மீதைல் யூஜினால் கட்டி. பக்கத்து வீட்டு மாமரத்துக்கு என் செலவில் வைத்தியம் பார்த்திருக்கிறேன். கோவை, பாகல், பீர்க்கை வகையறாவுக்கு வருகிற ஈ வேறு இனம், அதற்குக் கியூ லூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி வேண்டும். அதுவும் ஆண் ஈயைத்தான் பிடிக்கும். ஆகவே கோணல் பிஞ்சுகளைத் தினமும் பறித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுவதை நிறுத்தக் கூடாது. கீழே விழுந்ததை அப்படியே விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி, அடுத்த படையாக வரும்.

பிரண்டையைப் பற்றி வளர்ப்புக் குறிப்பு எழுத ஒன்றுமே இல்லை. சிமென்ட் சாக்கில் பாதி மணல் கலந்த மண், இரண்டு கணு துண்டு, காம்பவுண்டு சுவரோரம். தண்ணீர் ஊற்ற மறந்தால் நல்லது. எழுத வேண்டியது அதைச் சமைப்பது பற்றித்தான். நுனியிலிருந்து மூன்றாவது கணு வரைதான் எடுப்பேன். வளைத்தால் 'டக்' என்று முறிய வேண்டும், நார் இழுத்தால் முற்றல். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நாலு ஓரத்திலும் உள்ள நாரை உரித்துவிட்டு, பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் பச்சை நிறம் போய்ப் பழுப்பு தட்டும் வரை வதக்க வேண்டும். உளுந்து, மிளகாய், புளி, கடைசியில் துளி வெல்லம். முதல் தடவை ஆபீசுக்கு நேரமாகிறது என்று அரைவதக்கலில் அரைத்துவிட்டேன். மாம்பலம் தாண்டுவதற்குள் தொண்டையில் ஊசி குத்துகிற மாதிரி அரிப்பு. வீட்டிலிருந்து கணவர் போன் செய்து, "என்னத்தைப் போட்டே அதுல?" என்றார். அந்த அரிப்புக்குக் காரணம் அதில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள். நன்றாக வதக்குவதும் தாராளமாகப் புளி சேர்ப்பதும் அதற்காகத்தான் என்று மாமியார் சொல்லாமலே செய்துகொண்டிருந்திருக்கிறார்.

தூதுவளை நாலாவது வருஷம் போய்விட்டது. முள் கொக்கி மாதிரி வளைந்திருப்பதால் நடைபாதையோரம் வைக்காதீர்கள், என் இரண்டு துப்பட்டாக்கள் சாட்சி. போனதற்கு நான் வருந்தவில்லை. சிவப்புப் பழத்தைக் கொண்டைக்குருவி தின்று எங்கெங்கோ போட்டு, இப்போது துணி துவைக்கும் கல் பக்கத்தில் தானாக ஒன்று வந்திருக்கிறது. சளிப் பிடித்தால் ரசம், மற்ற நாளில் தோசை மாவில்.

சிறகு அவரையில் நான் பட்டம் தப்பினேன். விதை கைக்கு வந்த உற்சாகத்தில் தை மாதம் ஊன்றிவிட்டேன். கோடை முழுக்க இலை, இலை, இலை. அது பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும் வகை, நம் ஊரில் ஐப்பசி தொடங்கித்தான் பூ. ஆடியில் விதைத்திருந்தால் அத்தனை மாதம் வெட்டியாகத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டாம். இளநீலப் பூ, நாலு பக்கமும் சுருக்கு வைத்துத் தைத்த மாதிரி காய். விரல் நீளத்தில் பறித்தால் பொரியலுக்கு அருமை. நாலு நாள் ஏமாந்தால் நாராகிவிடும். கோடையில் மேல்கொடி காய்ந்துபோனாலும் கிழங்கு வேர் உள்ளே இருக்கும், அடுத்த மழைக்குத் தானே வரும். தளிரும் பூவும் கூடச் சமைக்கலாம்.

சௌசௌ பற்றி ஒரு வரி போதும்: கொடைக்கானலில் காய்ப்பதைப் பார்த்துவிட்டு, முளைவிட்ட காயை முழுசாகக் கொண்டுவந்து நட்டேன், மே மாதம் அது என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

பேஷன் ஃப்ரூட்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. சமவெளிக்கு மஞ்சள் வகைதான் சரி, ஊதா வகை மலைக்கு என்று படித்து மஞ்சள்தான் வைத்தேன். மாடிப்படிக் கைப்பிடி முழுக்க ஏறியது. இரண்டு வருஷம் பூ மட்டும். இதில் ஆண் பெண் தகராறு கிடையாது, ஒரே பூவில் எல்லாம் இருக்கிறது. ஆனால் மஞ்சள் வகை தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது, வேறு விதையில் வந்த இன்னொரு கொடி வேண்டும். ஒரே கொடியின் குச்சியை வெட்டி வைத்தாலும் பிரயோஜனமில்லை, அதுவும் அதே கொடிதான். அலுவலகத் தோழி கொடுத்த பழத்தின் விதையிலிருந்து இரண்டாவதை வளர்த்தேன். பூ மதியம்தான் விரியும். வாரநாளில் நான் இல்லை. பெரிய கருவண்டு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சனி, ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் பழைய மைப் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு படியில் நிற்பேன். ஒரு கொடிப் பூவின் மஞ்சள் பொடியை எடுத்து, மற்றதன் பூ நடுவே ஆணித்தலை மாதிரி நிற்கும் மூன்று முனையிலும் தடவ வேண்டும். என் பெண் இதற்கு 'அம்மா கல்யாணத் தரகர் வேலைக்குப் போயாச்சு' என்று பெயர் வைத்தாள். தடவியதில் பாதிக்கு மேல் பிடித்தது. பழுத்தால் தானே விழும், பறிக்கக் கூடாது. தோல் சுருங்கினால்தான் இனிப்பு.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்த இரவு, பந்தல் போனது. தப்பு காற்றுடையது மட்டுமில்லை. சவுக்குக் கம்பை இரண்டு வருஷத்தில் கரையான் அரித்திருந்தது, மேலே வெட்டாத கோவை மெத்தை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு ஜி.ஐ. பைப்பில், எட்டுக்குப் பத்தடி, கால்களைக் கான்கிரீட்டில் புதைத்துப் போட்டோம். கம்பிகளோடு சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும். கொடி வருஷக்கணக்கில் நிற்கும் என்றால் பந்தலும் அதே வருஷக்கணக்கில் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது ஐப்பசி பிறந்ததும் காய்த்துக்கொண்டிருந்தாலும் பாதிக் கொடியைக் கழித்துவிடுகிறேன்.

அடுத்த வருஷம் மிக்ஜாம் புயல். மூன்று நாள் பின்பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர். தண்ணீர் நின்றபோது எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. வடிந்து வெயில் அடித்ததும் பேஷன் ஃப்ரூட் இரண்டும் ஒரே நாளில் துவண்டு தொங்கின. அழுகின வேருக்கு வெயிலில் இலை கேட்கிற தண்ணீரை ஏற்ற முடியவில்லை. வெற்றிலையின் தண்டு அடியில் கறுத்தது. நல்லவேளை, மாமியார் முன்வாசல் நிழலில் ஒரு தொட்டியில் தனியாக வெற்றிலை வைத்திருந்தார். அவர் சோழவந்தான்காரர், வெற்றிலை விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டார். "கொடிக்காலுக்கு ஈரம் வேணும், ஆனா தண்ணி நிக்கக் கூடாதும்மா" என்று முன்பே சொல்லியிருந்தார். போர் தண்ணீர் உப்பு, அதை ஊற்றினால் இலை ஓரம் காய்கிறது என்று ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து அதற்கு ஊற்றுவதும் அவர் யோசனைதான். இப்போது எல்லாத் தூரையும் முக்கால் அடி உயர்த்தி மேடு கட்டியிருக்கிறேன்.

ஏழு வருஷத்தில் நான் எதிர்பார்க்காத ஒரே பிரச்சினை, விளைச்சல் நிற்காதது. கத்திரிச் செடி ஓய்ந்துவிடும், இது ஓயாது. ஆனி மாதம் எங்கள் வீட்டில் கோவைக்காய் பொரியல், கோவைக்காய் வறுவல், கோவைக்காய் சாதம், கோவைக்காய் துவையல். பெண் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவாள். இரண்டு கொடி நாலு பேருக்கு அதிகம். ஒன்று போதும். நடுவதற்கு முன் மண்ணைப் பார்ப்பதைவிட, அந்தக் காயை உங்கள் வீட்டில் மாதம் எத்தனை தடவை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். பேஷன் ஃப்ரூட்டை நாங்கள் கடையில் வாங்கியதே இல்லை. விழுந்த பழத்தில் பாதி அணிலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போனது. அதனால் மிக்ஜாமுக்குப் பிறகு மறுபடி அதை வைக்கவில்லை. பிரஷ் மட்டும் இன்னும் படிக்கட்டு ஜன்னலில் இருக்கிறது.

இந்தத் தை மாதம் வெட்டிய கோவையில் இருபது குச்சி தேறியது. பதினெட்டைத் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. நாலாவது வீட்டில் வாங்கிப்போனவர் போன வாரம், "பூ நிறைய வருது, காய்தான் இன்னும் இல்லை, இது ஆணா இருக்குமோ?" என்று பயந்துகொண்டு கேட்டார். போய்ப் பார்த்தேன். பூவுக்குப் பின்னால் பிஞ்சு இருந்தது.